ட்ரூயட் கேத்தியோட ஞாயிற்றுக்கிழமைகள்

விசுவாசியா வாழ்ந்த ஒரு பெரிய கம்பெனி முதலாளி இறந்துட்டா, எவ்ளோ காணிக்கை கொடுத்தாரு, எத்தனை கட்டடம் கட்டிக்கொடுத்தாருன்னு தான் எல்லாரும் பேசறாங்க. கொடுத்தது நல்ல விஷயம் தான், மறுக்கல. ஆனா அந்த மனுஷன் தன்னோட நேரத்தை யாருக்குக் கொடுத்தார், வீட்ல அப்பாவா புருஷனா எப்படி இருந்தார்ங்கறதை யாரும் கேக்கறதே இல்ல. அதனால தான் ட்ரூயட் கேத்தி பத்தி கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

அமெரிக்காவுல சிக்-ஃபில்-ஏன்னு ஒரு சிக்கன் சாண்ட்விச் கம்பெனி இருக்கில்ல, அதை ஆரம்பிச்சவர் இவர். 1921ல ஜார்ஜியா மாநிலத்துல பொறந்தவர், வசதியில்லாத குடும்பம், அம்மா வீட்லயே ஆள்களைத் தங்கவெச்சு சமைச்சுப்போட்டு குடும்பத்தை நடத்துனாங்க. இவர் எட்டு வயசுலயே ஆறு கோக் பாட்டில் 25 சென்ட்டுக்கு வாங்கி ஒண்ணு 5 சென்ட்டுன்னு வித்த பையன். ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு வந்து 1946ல தம்பி பென் கூட சேர்ந்து அட்லாண்டா பக்கத்துல ஹேப்வில்ங்கற ஊர்ல ட்வார்ஃப் கிரில்னு சின்னதா ஒரு கடை போட்டார். 24 மணி நேரமும் திறந்திருக்கற கடை, ஆனா ஞாயிறு மட்டும் லீவு. அந்த முடிவை முதல் வாரத்துலயே எடுத்தாச்சு, கடைசிவரைக்கும் மாத்தவே இல்ல.

இங்க தான் நம்ம பிரசங்கங்கள்ல நடக்கற ஒரு விஷயத்தை சொல்லியே ஆகணும். ஞாயிறு கடையை மூடினார், ஆண்டவர் கோடீஸ்வரர் ஆக்கிட்டார், நீங்களும் மூடுங்க ஆசீர்வாதம் வரும்னு இவரை உதாரணமா காட்டறாங்க. இதை நான் ஏத்துக்கவே மாட்டேன். மூடினப்போ கையில என்ன இருந்துச்சு அவருக்கு? ஒரே ஒரு கடை, அதுலயும் கடன். மூணே வருஷத்துல 1949ல பென்னும் இன்னொரு சகோதரர் ஹொரேசும் ஒரே விமான விபத்துல இறந்துட்டாங்க, இவருக்கு அப்ப தான் கல்யாணம் ஆகி ஒரு வருஷம் கூட முழுசா ஆகியிருக்குமோ என்னவோ, அந்த நேரத்துல ரெண்டு பேரையும் ஒண்ணா அடக்கம் பண்ண வேண்டிய நிலைமை. அப்புறம் ரெண்டாவதா திறந்த கடை தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு. சிக்-ஃபில்-ஏங்கற பேர்ல முதல் கடை அட்லாண்டா கிரீன்பிரையர் மால்ல வந்தது 1967ல தான். அதாவது கணக்குப் போட்டா 21 வருஷம், பெரிய பலன் எதுவும் கண்ணுக்குத் தெரியாமலே ஒவ்வொரு ஞாயிறும் கதவைப் பூட்டியிருக்கார். அதைப் போய் லாபத்துக்கு போட்ட முதலீடு மாதிரி பேசினா அந்த மனுஷனோட விசுவாசத்தையே கொச்சைப்படுத்தறோம்னு தான் எனக்குத் தோணுது.

இன்னொண்ணு, அந்த லீவு அவருக்கு மட்டும் இல்ல. தட்டு கழுவறவருக்கும் அதே ஞாயிறு லீவு தான். ஓய்வெடுக்கணும், விருப்பம் இருந்தா ஆராதனைக்குப் போகலாம், அவ்ளோதான், கட்டாயம் எதுவும் கிடையாது. ஓட்டல் வேலை பாத்தவங்களைக் கேளுங்க, வாரத்துல ஒரு நாள் நிச்சயமா வீட்ல இருப்போம்னு பிள்ளைங்ககிட்ட சொல்ல முடியறது எவ்ளோ பெரிய விஷயம்னு சொல்லுவாங்க.

சரி, அந்த ஞாயிறுல இவர் என்ன பண்ணார்? எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது தான். ஐம்பது வருஷத்துக்கும் மேல தன்னோட சபையில 13 வயசுப் பையன்களுக்கு சண்டே ஸ்கூல் எடுத்தார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 13 வயசுப் பசங்க! சொல்றதைக் கேக்கற வயசா அது? சின்னப்பிள்ளையும் இல்ல பெரியவனும் இல்ல, எந்த டீச்சரும் தயங்கற வகுப்பு. ஒவ்வொரு வருஷமும் பழைய பசங்க அடுத்த வகுப்புக்குப் போக புதுசா இன்னொரு கூட்டம் வந்து உக்காரும், இவர் மட்டும் அங்கயே. வாரம் முழுக்க மீட்டிங் பயணம்னு ஓடற எக்ஸிக்யூட்டிவ் எவ்ளோ சுலபமா ஒரு செக் எழுதி குடுத்துட்டு ஒதுங்கியிருக்கலாம். ரிட்டயர் ஆனப்புறம் ஊழியம் பண்றேன்னு சொல்ற நிறைய நல்ல மனுஷங்களை எனக்குத் தெரியும், அவங்க இதை ஒருதடவை நினைச்சுப் பாக்கணும்.

1984ல வின்ஷேப்னு ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சு பெத்தவங்க பராமரிப்பு இல்லாத பிள்ளைங்களுக்கு வீடுகள் ஏற்படுத்தினார், அந்தப் பிள்ளைங்க நூத்துக்கும் மேல, அவங்களுக்கெல்லாம் தாத்தா மாதிரி இருந்தார். சொந்தப் பிள்ளைங்க மூணு பேர், டான், பப்பா, ட்ரூடி. மனைவி ஜானெட்டை 1948ல கல்யாணம் பண்ணி 65 வருஷத்துக்கு மேல சேர்ந்து வாழ்ந்தாங்க.

கம்பெனிய நடத்தினதுலயும் ஒரு விஷயம் சொல்லணும். 1982ல வட்டி ஏறி, போட்டி கூடி, கம்பெனி ரொம்ப கஷ்டத்துல இருந்தப்போ நிர்வாகிகள் உக்காந்து நாம எதுக்குத் தொழில் பண்றோம்னு கேட்டு எழுதி வெச்சதுல முதல் வரியே நம்மகிட்ட ஒப்படைச்சதுக்கு உண்மையான உக்கிராணக்காரரா, அதாவது பொறுப்பா பாத்துக்கறவங்களா இருந்து தேவனை மகிமைப்படுத்தணும்ங்கறது தான். நஷ்ட பயத்துல உக்காந்திருக்கறவங்க எழுதினது அது. அவருக்குப் பிடிச்ச வசனம் நீதிமொழிகள் 22:1, திரளான ஐசுவரியத்தைவிட நற்கீர்த்தி மேலானதுன்னு சொல்றது.

அந்தக் குடும்பத்தோட எல்லாக் கருத்தும் எல்லாருக்கும் ஒத்துவராது. 2012ல மகன் டான் ஒரே பாலினத் திருமணத்துக்கு எதிரா சொன்னது பெரிய சர்ச்சையாச்சு, அதுல மனசு காயப்பட்டவங்க நிறைய பேர், அதை மறைச்சுட்டு இவரைப் பத்தி எழுதறது நேர்மை இல்ல. ஆனாலும் அப்பாவோட வாழ்க்கையில கத்துக்க வேண்டியது இருக்குன்னு உறுதியா நம்பறேன்.

92 வயசுவரைக்கும் பொறுப்புல இருந்துட்டு 2013ல மகன்கிட்ட ஒப்படைச்சார், 2014 செப்டம்பர் 8ம் தேதி 93 வயசுல கர்த்தருக்குள் நித்திரையடைஞ்சார். அடுத்த வருஷமே ஜானெட்டும் போயிட்டாங்க. 2017ல அட்லாண்டாவுல புதுசா கட்டின மெர்சிடிஸ்-பென்ஸ் ஸ்டேடியத்துல சிக்-ஃபில்-ஏவுக்கும் ஒரு கடை இருக்கு. அங்க அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பெரும்பாலும் ஞாயிறு தான், ஸ்டேடியம் நிரம்பி வழியும், அந்தக் கடை மட்டும் மூடியிருக்கும். இது என்ன பைத்தியக்காரத்தனம்னு கேக்கறவங்க இருக்காங்க. அங்க வேலை பாக்கறவங்க வீட்ல போய் கேக்கச் சொல்லுங்க.