பூச்சிக்கு அவசரம், களைக்கு நாளைக்கு

நட்டு இருபது நாள் ஆகவில்லை, அதற்குள் ஊர் முழுக்க ஸ்ப்ரேயர் சத்தம். எங்கள் மன்னார்குடிப் பக்கம் சம்பா நட்டவர்களில் யாரைக் கேட்டாலும் "ஒரு ரவுண்டு அடிச்சாச்சு" என்கிறார்கள். என்ன பூச்சி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இல்லை, பக்கத்து வயலில் அடித்தார்கள், நானும் அடித்தேன், அவ்வளவுதான். அதே வயலில் குதிரைவாலிப் புல் என்கிற களை நெல்லோடு நெல்லாக நாலு இலை விட்டு நிற்கும். அதற்கு மட்டும் "ஆள் வரட்டும், பாத்துக்கலாம்".

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் 40 நாள் பூச்சிக்கு ஒன்றும் அடிக்கத் தேவையில்லை, அந்த 40 நாளில் களையை ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. நாம் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம்.

இந்த அவசரம் ஆரம்பிப்பதே கடையில்தான். மேலுரத்துக்கு யூரியா கேட்டுப் போனால், "அண்ணே, குருணை மருந்தையும் சேத்துப் போட்டுடுங்க, ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்று பாக்கெட்டை எடுத்து வைத்துவிடுவார்கள். தட்டுப்பாடான நேரத்தில் மருந்து வாங்கினால்தான் யூரியா என்று என்னிடமே சொன்ன கடை உண்டு. வயலையே பார்க்காதவர் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டுதான் இது.

தூர் கட்டும் பருவத்தில், அதாவது பக்கத் தண்டுகள் விடும் நாட்களில், நெல்லுக்குத் தாங்கும் சக்தி அதிகம். சுருட்டுப்புழு நாலு இலையைச் சுரண்டி வெள்ளையாக்கினால் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். குருத்துப்பூச்சி தாக்கி நடுக்குருத்து காய்ந்தால் பக்கத்தில் வேறு தூர் வெடிக்கும். நூற்றுக்குப் பத்துக் குருத்தாவது காய்ந்த பிறகுதான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று வேளாண் பல்கலைக்கழகமே சொல்கிறது. (குருத்துப்பூச்சிக்குச் செலவில்லாத வழி நாற்றங்காலிலேயே இருக்கிறது. தாய் அந்து இலை நுனியில்தான் முட்டைக் குவியலை வைத்துப் பழுப்பு ரோமத்தால் மூடும், நடுவதற்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டால் முட்டையும் சேர்ந்து போய்விடும்.)

தேவையில்லாமல் அடித்தால் என்ன கெட்டுப்போகும்? காசு மட்டும் போனால் பரவாயில்லை. பின்னால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி வரும்.

காலையில் வயலில் இறங்கி ஒரு நெல் குத்தைச் சாய்த்து அடித்தண்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிப் பாருங்கள். தண்ணீரில் விழுந்து குறுக்குவாட்டில் தத்தி ஓடுகிற சின்னப் பழுப்புப் பூச்சிதான் புகையான். கொஞ்சம் பொறுமையாக நின்றால், முதுகில் கவட்டை மாதிரி கோடு போட்ட ஒரு சிலந்தி தண்ணீர்மேலேயே ஓடிவந்து அதைக் கவ்வுவதையும் பார்க்கலாம். ஓநாய்ச் சிலந்தி என்பார்கள். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை பிடிக்கும். புகையானின் முட்டையை உறிஞ்சித் தின்ன ஒரு பச்சை நாவாய்ப்பூச்சியும் அங்கே இருக்கிறது. இருபதாம் நாள் நாம் அடிக்கும் மருந்தில் இவைதான் முதலில் சாகின்றன. புகையான் தூரின் அடியில் இருப்பதால் மேலாக அடித்த மருந்து அதற்கு எட்டாது, முட்டையோ இலையுறைக்குள் பத்திரமாக இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் குஞ்சு வரும்போது தின்ன ஆளில்லை. அப்புறம் மார்கழியில் வயல் நடுவே வட்ட வட்டமாகக் கருகும். உடனே திரும்பக் கடைக்கு ஓட்டம். பைரித்ராய்டு வகை மருந்துகள் புகையானைப் பெருக்கிவிடும் என்பது எப்போதோ தெரிந்த விஷயம், ஆனாலும் நெல் வயலில் அவற்றை அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தோனேசியாவில் இதே கதை நாடு முழுக்க நடந்தது. மானியத்தில் கொட்டிக் கொட்டி அடித்து, புகையானால் நொந்துபோய், 1986-இல் சுகார்த்தோ அரசு 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்கு அடிக்கக் கூடாது என்று தடை செய்தது. மருந்து மானியத்தையும் 1989-க்குள் நிறுத்திவிட்டார்கள். நெல் உற்பத்தி விழவில்லை. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1990-களில் "முதல் 40 நாள் அடிக்காதே" என்று ரேடியோ நாடகம் போட்டே விவசாயிகளிடம் கொண்டுபோனார்கள், அடிக்கும் தடவை ஏறக்குறைய பாதியானது. நான் சொல்லும் 40 நாள் அந்தக் கணக்குதான்.

அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தூர் ஒன்றுக்கு ஒரு புகையான், சிலந்தி இருந்தால் இரண்டு, அதைத் தாண்டினால் முதலில் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள், அப்புறம் மருந்தை அடித்தண்டில் படும்படி அடியுங்கள். நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் ஆள் உள்ளே போய் அடிக்க முடியும், காற்றும் வெளிச்சமும் அடிவரை போகும். பயிர் கரும்பச்சையாக இருந்தால் பெருமைப்படுகிறோம், புகையானுக்கும் அந்தப் பச்சைதான் பிடிக்கும்.

சரி, களைக்கு வருகிறேன். களை விஷயத்தில் பயிரால் ஈடுகட்ட முடியாது. குதிரைவாலிப் புல் வெயிலில் நெல்லைவிட வேகமாக வளர்கிற ஜாதி. நடவு வயலில் 25 நாள் நாற்றும் நிற்கிற தண்ணீரும் நமக்குத் துணை. கடைமடையில் தண்ணீர் வராமல் நேரடி விதைப்பு செய்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது, நெல்லும் புல்லும் ஒரே நாளில் முளைக்கும். அங்கே களையை விட்டால் பாதி மகசூலே போய்விடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க இலை தண்டோடு சேரும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல் என்றால் மெல்லிய சவ்வும் இரண்டு பக்கமும் மயிர் முளைத்த சின்னக் கொக்கியும் இருக்கும். குதிரைவாலிப் புல்லில் அந்த இடம் மொழுக்கென்று இருக்கும். களை எடுக்க வருகிற அக்காக்கள் இதெல்லாம் பார்ப்பதில்லை, தண்டைத் தொட்டாலே சொல்லிவிடுவார்கள். அந்தக் கைகளுக்கு நாம் கொடுக்கும் கூலி ரொம்பக் குறைவு.

களைக்கொல்லி அடிப்பவர்களும் நேரத்தைத் தவறவிடுகிறார்கள். பிஸ்பைரிபாக் சோடியம் ஏக்கருக்கு 80 முதல் 100 மில்லி, களை மூன்று நாலு இலையில் இருக்கும்போது, தண்ணீரை வடித்து இலையில் படும்படி அடித்து, இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் கட்ட வேண்டும். புல் முற்றிய பிறகு இரண்டு மடங்கு அடித்துவிட்டு "மருந்து டூப்ளிகேட்" என்று சண்டை போடுவதில் பலனில்லை. வருஷா வருஷம் அதே மருந்தை அடித்தால் களை பழகிவிடும் என்பதும் உண்மை. 2021-இல் பூசா பாஸ்மதியில் களைக்கொல்லி தாங்கும் இரண்டு ரகங்கள் வந்தபோது நம் பக்கத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பலர் கேட்டார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வயலில் களையாகத் தானே முளைக்கும் களைநெல்லும் நாம் விதைக்கும் நெல்லும் ஒரே ஜாதி, மகரந்தம் வழியாக அந்தக் குணம் களைநெல்லுக்கும் போய்விடும். அமெரிக்காவில் 2002-இல் இப்படிப்பட்ட நெல் வந்து, சில வருஷத்திலேயே அந்த மருந்துக்குச் சாகாத களைநெல்லும் வந்துவிட்டது.

ஆள் கிடைக்கவில்லை என்பது நியாயமான பேச்சு, மறுக்கவில்லை. அதனால்தான் இயந்திர நடவுக்கு மாறச் சொல்கிறேன். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளி கிடைத்தால் பவர் வீடர் என்ற களையெடுக்கும் இயந்திரம் உள்ளே ஓடும், களையும் சேற்றிலேயே மிதிபட்டு உரமாகும். எங்கள் பக்கம் நாலு பேர் சேர்ந்து தாளடிப் போகத்துக்கு ஒரு பவர் வீடர் வாடகைக்கு எடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். ஏற்கெனவே ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், ஏக்கருக்கு எவ்வளவு ஆனது, களிமண் சேற்றில் மாட்டாமல் ஓடியதா, எத்தனையாம் நாள் விட்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள்.