ஆயிரம் பேருக்கு 3 படுக்கை: உலக சுகாதார அமைப்பு அப்படிச் சொன்னதா?

“ஆயிரம் பேருக்கு 3 ஆஸ்பத்திரி படுக்கை என்பது உலக சுகாதார அமைப்பின் விதி, இந்தியாவில் அது இல்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. சில பதிவுகளில் 3 என்பது 5 ஆகிவிடுகிறது. விதி என்றால் ஆளுக்கு ஆள் மாறுமா?

அப்படியொரு விதியே கிடையாது. மக்கள்தொகைக்கு இத்தனை படுக்கை என்ற உலகளாவிய அளவு எதுவும் இல்லை என்று அந்த அமைப்பே தன் புள்ளிவிவரக் குறிப்பில் எழுதியிருக்கிறது. காரணம் புரிகிறது. ஜப்பானில் ஆயிரம் பேருக்கு 12 படுக்கைக்கு மேல். முதியவர்கள் அங்கே வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சுவீடனில் ஏறக்குறைய 2தான். அதற்காக சுவீடன் மருத்துவத்தை ஆறு மடங்கு மட்டம் என்று யாரும் சொல்வதில்லை (நெரிசல் புகார் அங்கேயும் உண்டு).

சரி, இந்தியாவுக்கு இலக்கே இல்லையா? உண்டு. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை ஆயிரம் பேருக்கு 2 படுக்கை என்கிறது. இது நாமே வைத்துக்கொண்டது.

தட்டுப்பாடு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டுச் சராசரியை வைத்து அதை அளந்தால், படுக்கைகள் பெருநகரங்களில் குவிந்திருப்பது மறைந்துபோகும். அப்புறம், செவிலியரும் ஆக்சிஜன் இணைப்பும் இல்லாத படுக்கை வெறும் கட்டில்தான்.