ஐஃபனும் ஐபோனும் என் மாங்காத் தோப்பும்

என் வெப்சைட் அட்ரஸ் கேட்டு இன்னிக்கு மட்டும் ஏழாவது ஃபோன். "ஐயா, ஊர் பேரு அடிங்க, அப்புறம் ஐஃபன்..." "ஐபோன் எல்லாம் நம்மகிட்ட இல்ல தம்பி, சாதா ஃபோன் தான்." "ஐபோன் இல்லீங்கய்யா, டேஷ், சின்னதா ஒரு கோடு." "மைனஸா?" "ஆமாங்க மைனஸ்னே வெச்சுக்கங்க." "கீழ இருக்கற கோடா, நடுவுல இருக்கற கோடா?" இதுக்கப்புறம் மேங்கோ அடிக்கச் சொல்லணும், மறுபடி இன்னொரு கோடு, அப்புறம் எங்க தாத்தா பேரு, அப்புறம் டாட் காம். சேலத்துப் பெரியவர் பாவம், ரெண்டாவது கோடு வரதுக்குள்ள "நான் பேரன் வந்ததும் பாக்கறேன்பா"ன்னு வெச்சுட்டாரு. பேரன் எங்க பாக்கப் போறான், போச்சு ஆர்டர்.

நமக்கு காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பு. பெங்களூரா ரக காய் எல்லாம் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்குத்தான் போவும், அவங்க சொல்ற ரேட்டு தான் ரேட்டு, அதனால செந்தூராவும் அல்போன்சாவும் நாமளே பெட்டி போட்டு நேரா வீட்டுக்கு அனுப்பலாம்னு மூணு வருஷம் முன்னாடி ஆசைப்பட்டு வெப்சைட் போட்டேன். போட்டுக் குடுத்த பையன் என்ன சொன்னான் தெரியுமா, "அண்ணா கோடு இல்லாத டாட் காம் யாரோ புடிச்சு வெச்சிருக்கான், ஆனா ஐஃபன் போட்டா கிடைக்குது, அது இன்னும் நல்லதுண்ணா, கூகுள் வார்த்தைய பிரிச்சுப் படிக்கும், தேடறப்ப ரேங்க் சும்மா ஏறும்." நானும் தலைய ஆட்டினேன், என்னைச் சொல்லணும்.

அவன் சொன்னது பாதி உண்மை, அதான் எரிச்சலே. ஐஃபன் போட்டு வார்த்தைய பிரிங்கன்னு கூகுள் சொல்றது டொமைனுக்கு, அதான் டாட் காம் வரைக்கும் வர பேருக்கு, அப்புறம் ஸ்லாஷ் போட்டு வருதே, உள்பக்கத்து அட்ரஸ், அதுக்கு. அங்க அண்டர்ஸ்கோர், அதான் கீழ் கோடு, போடாத, ஐஃபன் போடுன்னு சொல்றான். அத இந்தப் பையன் தூக்கிட்டு வந்து வாசக்கதவுல மாட்டிட்டான். தேடற வார்த்தையவே டொமைன் பேரா வெச்சுகிட்டு உள்ள சரக்கே இல்லாத சைட்ட எல்லாம் கீழ தள்ற வேலைய கூகுள் 2012லயே ஆரம்பிச்சாச்சு. நான் வெப்சைட் போட்டதே அதுக்கு எத்தனையோ வருஷம் கழிச்சு!

சரி, வாய்ல சொல்றது தான் கஷ்டம், அச்சடிச்சுக் குடுத்துடலாம்னு பெட்டில போட்டேன். பெட்டி பக்கம் அகலம் கம்மி, பேரு நீளம், கரெக்டா ரெண்டாவது கோடு கிட்ட உடைஞ்சு தாத்தா பேரு கீழ் வரிக்குப் போயிடுச்சு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? பள்ளிக்கூடத்துல வார்த்தைய பாதில உடைச்சா வரி கடைசில ஒரு கோடு போடச் சொல்லுவாங்கல்ல, அந்தக் கோடுன்னு நினைச்சு அத விட்டுட்டு அடிக்கறாங்க. இதுக்கு மேல டிடிபி கடைக்கார அண்ணன் "பாக்க எடுப்பா இருக்கும்"னு நோட்டீஸ்ல சின்னக் கோட்டை எடுத்துட்டு நீளக் கோடு போட்டுட்டாரு. பேப்பர்ல ஒண்ணும் தெரியாது. அதே பிடிஎஃப்ப வாட்ஸாப்ல அனுப்பி, அதுல இருந்து காப்பி பண்ணி போட்டா சைட்டு திறக்கவே திறக்காது, ஏன்னா டொமைன் பேர்ல எழுத்து, நம்பர், அந்தக் குட்டி ஐஃபன், இவ்வளவு தான் செல்லும். கீழ் கோடும் செல்லாது, நீளக் கோடும் செல்லாது. ஃபோன் கீபோர்டுல அந்தக் குட்டிய அடிக்கறதுக்கே நம்பர் பக்கத்துக்குப் போயிட்டு வரணும், ரெண்டு கோட்டுக்கு ரெண்டு தடவை.

மெயில் கதை இன்னும் கொடுமை. பெங்களூர்ல ஒரு ஹோட்டல், 40 பெட்டி. "ஆர்டர் மெயில் போட்டு ஒரு வாரம் ஆச்சு, பதிலே இல்லையே, வேற ஆள்கிட்ட எடுத்துட்டோம்"னாங்க. கோடு இல்லாம போட்டிருக்காங்க. திரும்பியும் வரல, அந்த டொமைன வெச்சிருக்கறவன் எந்தப் பேருக்கு வந்தாலும் வாங்கிக்கற மாதிரி செட் பண்ணி வெச்சிருப்பான் போல. என் ரேட்டு, பெட்டிக் கணக்கு எல்லாம் யாரோ முகம் தெரியாதவன் படிச்சிட்டு உக்காந்திருக்கான். அந்தப் பேர விலைக்குக் கேட்டேன், புது பைக் எடுக்கற காசு கேக்கறான்.

மச்சான் வேற, "மாமா, கோகோ கோலா சைட்டுலயே ஐஃபன் இருக்கே"ங்கறான். டேய், அவன் பேர்லயே அந்தக் கோடு இருக்குடா, நீ அத எப்படி தப்பா அடிச்சாலும் தேடுனா முன்னாடி வந்து நிப்பான், நான் நிப்பனா? ஒட்டி எழுதினா அசிங்கமா அர்த்தம் வர பேரா இருந்தா ஒரு கோடு போட்டுக்கலாம், அது வரைக்கும் ஒத்துக்கறேன். ரெண்டு கோடு எந்த நியாயத்துல வரும்?

அப்ப தமிழ்லயே டாட் இந்தியா வாங்கலாமேன்னு இன்னொருத்தர் ஐடியா. நல்ல ஐடியா தான், தேடிப் பாத்தேன். நாம தமிழ்ல அடிச்சாலும் உள்ளுக்குள்ள மிஷின் அத எக்ஸ், என் (xn)னு ஆரம்பிச்சு, கூடவே ரெண்டு ஐஃபன் போட்டுத்தான் மாத்தி வெச்சுக்குதாம். அங்கயும் ரெண்டு! சிரிக்கறதா அழறதா தெரியல.

கடைசில நேத்து ராத்திரி கோடே இல்லாம டாட் இன் ஒண்ணு எடுத்துட்டேன், தாத்தா பேரையும் தூக்கிட்டேன், அவரு மன்னிப்பாரு. பழச விடவும் முடியாது, பழைய கஸ்டமர் வருவாங்க, அத புதுசுக்குத் திருப்பி விட்டு வருஷா வருஷம் ரெண்டுக்கும் காசு கட்டணும். குடோன்ல 1,800 பெட்டி ரெண்டு கோட்டோட அடுக்கி கிடக்கு, எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டணும், வூட்டுல இப்பவே மொறைக்கறாங்க. செந்தூரா வேணும்ங்கறவங்க என் வாட்ஸாப் நம்பர் வாங்கிக்கங்க, ஸ்டிக்கர் ஒட்டி முடிக்கற வரைக்கும் தயவு செஞ்சு வெப்சைட் அட்ரஸ் மட்டும் கேக்காதீங்க.