கொன்றவன் ஊர்க்காரனே நீதிபதி

சீனாவில் பிரிட்டிஷ் கான்சல்கள், அதாவது துறைமுக ஊர்களில் இருந்த பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதிகள், தங்கள் நாட்டவரைத் தங்கள் சட்டப்படியே விசாரிக்க நடத்திய நீதிமன்றங்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் முந்திக்கொண்டு வந்துவிடும். அந்தக் காலத்துச் சீனச் சட்டம் கொடூரமானது, சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்குவார்கள், அவர்களிடம் தன் ஆளை எந்த நாடு ஒப்படைக்கும் என்பார்கள். கூடவே 1784-இல் நடந்த லேடி ஹியூஸ் கப்பல் கதையும் வரும். மரியாதைக்காகப் பீரங்கி வெடித்தபோது பக்கத்துப் படகில் இருந்த இரண்டு சீனர்கள் செத்துப்போனார்கள், பீரங்கியை இயக்கியவனை ஆங்கிலேயர்கள் ஒப்படைத்தார்கள், சீன அரசு அவன் கழுத்தை நெரித்துக் கொன்றது. இது உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனாலும் எனக்கு இந்த வாதம் இறங்கவில்லை. 1839 ஜூலையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சிம் ஷா சுய், இன்று ஹாங்காங்கின் பளபளக்கும் கடைவீதி, அன்று கரையோர ஊர். ஒரு நாள் பிரிட்டிஷ் மாலுமிகள் கரையிறங்கிச் சாராயம் குடித்துவிட்டு ரகளை செய்தார்கள். அவர்கள் வந்த கப்பல்களின் பெயர் கர்னாடிக், மங்களூர். இரண்டும் அபின் வியாபாரத்தில் முன்வரிசையில் இருந்த ஜார்டின் மாத்திசன் கம்பெனியுடையவை. அடிதடியில் லின் வெய்சி என்ற ஊர்க்காரர் அடிபட்டு மறுநாள் இறந்துபோனார். கொன்றவனை ஒப்படை என்று கேட்டார், அபின் வியாபாரத்தை ஒழிக்கச் சீனப் பேரரசர் அனுப்பியிருந்த ஆணையர் லின் சேஷு. முடியாது என்றார் பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்லஸ் எலியட். செத்தவர் குடும்பத்துக்கு 1,500 டாலர் கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தார். அப்புறம் ஆகஸ்டில் ஒரு கப்பல் மேலேயே கோர்ட்டைக் கூட்டினார். நீதிபதி அவரே, ஜூரிகள் வியாபாரிகள். கொலைக் குற்றம் யார் மீதும் நிற்கவில்லை. கலவரம் செய்ததற்கும் தாக்கியதற்கும் ஐந்து பேருக்கு மூன்று மாதம், ஆறு மாதம் என்று சிறை, சில்லறை அபராதம். அந்தச் சிறையையும் இங்கிலாந்துக்குப் போய்த்தான் அனுபவிக்க வேண்டும். சரி, போனார்களா? போய்ச் சேர்ந்ததும், இப்படித் தண்டிக்க எலியட்டுக்கு அதிகாரமே கிடையாது என்று சொல்லி அவர்களை விட்டுவிட்டார்கள்.

சீனச் சட்டம் மோசம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் நீங்கள் கொடுத்த நீதி இதுதானா? லின் வெய்சியின் வீட்டார் இதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

அதிகாரம் இல்லை என்றால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதானே. சீனாவோடு நடந்த அபின் போரில் ஜெயித்த பிறகு 1843-இல் அதைத்தான் செய்தார்கள். அந்த வருட ஒப்பந்தத்தில், குற்றம் செய்த ஆங்கிலேயனை ஆங்கிலச் சட்டப்படி கான்சலே தண்டிப்பார் என்று எழுதி வாங்கினார்கள். 1858 தியான்ஜின் ஒப்பந்தத்தில் அதை இன்னும் இறுக்கமாக எழுதினார்கள். 1865-இல் ஷாங்காயில் உச்ச நீதிமன்றமே திறந்தார்கள்; முதல் தலைமை நீதிபதி எட்மண்ட் ஹார்ன்பி. அதற்கு மேல் முறையீடு என்றால், பேரரசின் கடைசி முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்தான். ஷாங்காயில் ஓர் ஆங்கிலேயனிடம் ஏமாந்த ஒரு சீனப் பட்டு வியாபாரி கடைசி வரை போராட நினைத்தால் வக்கீல் பிடித்து லண்டன் வரை போக வேண்டும்.

மற்றத் துறைமுக ஊர்களில் கான்சல்தான் நீதிபதி. பெரும்பாலான கான்சல்கள் சட்டம் படித்தவர்கள் கிடையாது, சீன மொழி கற்கும் பயிற்சி மொழிபெயர்ப்பாளர்களாக வேலைக்குச் சேர்ந்து மேலே வந்தவர்கள். வியாபாரத்தை வளர்ப்பது அவர்கள் வேலை, கல்யாணம் பதிவது அவர்கள் வேலை, தங்கள் ஊர் வியாபாரிக்கு வரி அதிகம் போட்டுவிட்டார்கள் என்று சீன அதிகாரியிடம் போய்ச் சண்டை போடுவதும் அவர்கள் வேலை. காலையில் ஒருவனுக்காகப் பரிந்து பேசிவிட்டு மதியம் அவன் மேல் வந்த வழக்கை விசாரிக்க உட்காருகிற மனிதர், எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், எதிர்த்தரப்பில் நிற்கிறவன் எப்படி நம்புவான்? யோக்கியமான கான்சல்கள் இருந்தார்கள், தங்கள் ஆட்களையே கண்டித்தவர்களும் உண்டு. என் புகார் அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

இன்னொன்றை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். பிரிட்டிஷ் குடிமக்கள் என்றால் வெள்ளைக்காரர்கள் மட்டுமில்லை. ஷாங்காய் போலீஸில் இருந்த சீக்கியர்களும், வங்கி வாசலில் காவல் நின்றவர்களும் அதே கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். வெள்ளைக்கார வியாபாரிக்குக் கேடயமாக இருந்த சட்டம் இவர்களுக்கு விலங்காகவும் ஆனது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் விரட்ட வெளிநாட்டு இந்தியர்கள் தொடங்கிய கதர் கட்சியோடு தொடர்பு என்று சந்தேகப்பட்ட இந்தியர்களைப் பிடித்து நாடு கடத்த அந்த அதிகாரம்தான் கை கொடுத்தது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1903-இல் சூபாவ் பத்திரிகை வழக்கில், மன்னராட்சியைத் திட்டி எழுதிய சாங் பிங்லின், சோவ் ரோங் இருவரையும் தங்களிடம் ஒப்படைக்கச் சொல்லி, அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு கெஞ்சிப் பார்த்தது. ஷாங்காய் குடியேற்றத்தை, அதாவது ஊருக்குள் வெளிநாட்டவர் நிர்வாகத்தில் இருந்த பகுதியை, நடத்தியவர்கள் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தலை போயிருக்கும். சீன நீதிபதியோடு வெளிநாட்டு அதிகாரியும் உட்காரும் கலப்பு நீதிமன்றம் ஒருவருக்கு மூன்று வருடம், இன்னொருவருக்கு இரண்டு வருடம் கொடுத்தது. சோவ் ரோங் சிறையிலேயே செத்துப்போனார் என்றாலும், அந்நிய அதிகாரத்தின் நிழலில் புரட்சிக்காரர்கள் ஒதுங்கியது வரலாறு. ஆனால் அது பக்க விளைவு. அதற்காக யாரும் இந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1896 அக்டோபரில் லண்டனில் இருந்த சீனத் தூதரகம், மன்னராட்சியை எதிர்த்த புரட்சிக்காரர் சன் யாட்சென்னைப் பிடித்து உள்ளே பூட்டி வைத்தது, கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பத் திட்டம். தங்கள் குடிமகன், தங்கள் தூதரகம் என்பதுதான் அவர்கள் வாதம். லண்டன் கொதித்தது. பத்திரிகைகள் எழுதின, அரசு தலையிட்டது, 12 நாளில் அவரை விட வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் மண்ணில் பிரிட்டிஷ் சட்டம்தான் என்றார்கள். விட வைத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் ஷாங்காய் எந்த மண்?

கடைசியாக, அந்தக் "கொடூரச் சட்டம்" வாதத்துக்கே வருகிறேன். 1902 ஒப்பந்தத்தில் பிரிட்டனே எழுதிக் கொடுத்தது: சீனா சட்டத்தைச் சீர்திருத்தினால், எங்கள் ஆட்களை நாங்களே விசாரிக்கும் இந்த உரிமையை விட்டுவிடுகிறோம் என்று. சீனா உட்கார்ந்து வேலை செய்தது. சட்ட அதிகாரி ஷென் ஜியாபென்னும், லண்டனில் பாரிஸ்டர் படித்த வூ டிங்ஃபாங்கும் பழைய சட்டத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். உடலைத் துண்டு துண்டாக வெட்டிக் கொல்லும் தண்டனையை 1905-லேயே ஒழித்தாயிற்று. ஜப்பானுக்கு இதே பேரத்தில் 1899-இல் விடுதலை கிடைத்திருந்தது (அந்த ஜப்பான் அப்புறம் சீனாவில் இதே உரிமையை வைத்துக்கொண்டு ஆடியது தனிக்கதை). சீனாவுக்கோ 1926-இல் பல நாட்டு ஆணையம் கூடி, இன்னும் போதாது, மேலும் திருத்துங்கள் என்றது. ஒருவழியாக 1943 ஜனவரியில், ஷாங்காய் ஜப்பானியர் கையில் இருந்தபோது, பிரிட்டிஷ் நீதிமன்றம் மூடி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தபோது, போர்க்காலச் சீனத் தலைநகரான சோங்சிங்கில் கையெழுத்துப் போட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுத்தார்கள்.