செக்குபந்தி இடம்பெயர்ந்த படலம்

(சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள கணினித் தட்டச்சு நிலையம். கணினியின் முன் தட்டச்சர். அவருடைய தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தபடி, கக்கத்தில் கோப்புடன், ஒரு மூத்த பத்திர எழுத்தர்.)

எழுத்தர்: அம்மா, போன வாரம் அடித்துக் கொடுத்தீர்களே, அந்தக் கிரையப் பத்திரத்தைத் திறங்கள். இன்றைய கட்சிக்காரருக்கும் அதே வாசகந்தான்; பெயர், சர்வே எண், தொகை ஆகியவற்றை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தி, சொத்து விவரத்துக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது கீழே இறங்க வேண்டும்.

தட்டச்சர்: அதற்கென்ன ஐயா, வெட்டிக் கீழே ஒட்டிவிடுகிறேன். இதோ, பத்தியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோலுடன் எக்ஸை அழுத்திவிட்டேன்.

எழுத்தர்: ஐயையோ! நான்கு எல்லையும் போய்விட்டனவே! வடக்கே வாய்க்கால், தெற்கே ஊராட்சிச் சாலை என்று நேரில் போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். எல்லையே இல்லாத மனையை எவர் வாங்குவார்?

தட்டச்சர்: பதறாதீர்கள், ஐயா. வெட்டியது அழிந்துவிடவில்லை, கிளிப்போர்டு என்னும் தற்காலிக நினைவிடத்தில் இருக்கிறது. நான் வேறோர் இடத்தில் கண்ட்ரோலுடன் வியை அழுத்தினால் அங்கே வந்து விழும்.

எழுத்தர்: அந்த இடத்தை எனக்குக் கொஞ்சம் காட்டுங்கள்.

தட்டச்சர்: அது சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது.

எழுத்தர்: கட்சிக்காரரின் நான்கெல்லையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறீர்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தாலும் அகப்படாத இடமாக அல்லவா இருக்கிறது! சரி, நீங்கள் ஒட்டுவதற்குள் எனக்கு மறந்துவிடும்: வாங்குபவரின் முகவரி முதல் பக்கத்தில் இருக்கிறதே, அதைக் கடைசிப் பக்கத்திலும் போடச் சொல்லியிருக்கிறார்.

தட்டச்சர்: அதையும் நகலெடுத்துக்கொண்டேன். இப்போது சொத்து விவரத்துக்குக் கீழே செக்குபந்தியை ஒட்டுகிறேன்... ஓ!

எழுத்தர்: "இதற்குச் செக்குபந்தியாவது, மாரியம்மன் கோயில் தெரு, இரண்டாவது சந்து, மாடி" என்று வந்திருக்கிறதே! வடக்கும் தெற்கும் எங்கே போயின?

தட்டச்சர்: உங்கள் முகவரியால் வந்த வினை, ஐயா. கிளிப்போர்டு ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும். முகவரியை நகலெடுத்த நொடியிலேயே செக்குபந்தி வெளியேறிவிட்டது.

எழுத்தர்: புதுக் குடித்தனக்காரர் முன்பணம் கொடுத்ததும் பழையவரின் தட்டுமுட்டுச் சாமானைத் தெருவில் எடுத்து வைக்கும் வீட்டுக்காரரைப் போலல்லவா நடந்துகொள்கிறது! இதற்கு மேல்முறையீடு உண்டா?

தட்டச்சர்: உண்டு. கண்ட்ரோலுடன் இசட்டை அழுத்த அழுத்த, செய்த காரியங்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி ரத்தாகும். இதோ பாருங்கள், ஒட்டிய முகவரி போயிற்று, வெட்டிய செக்குபந்தி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. விண்டோஸில் 2018-இல் இன்னொரு வசதியும் வந்தது: விண்டோஸ் விசையுடன் வியை அழுத்தினால், கடைசியாக வெட்டியதும் நகலெடுத்ததுமாக 25 உருப்படிகள் வரை பட்டியலாகத் தெரியும். ஆனால் நான் அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எழுத்தர்: கைக்கெட்டிய தூரத்தில் இருக்கும் காவலை யாராவது நிறுத்தி வைப்பார்களா?

தட்டச்சர்: இந்தக் கணினியில் காலையிலிருந்து எத்தனை பேருடைய ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் நகலெடுக்கப்பட்டிருக்கின்றன என்று நினைக்கிறீர்கள்? பட்டியலைத் திறந்து வைத்தால், அடுத்து வருகிறவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தே, உங்களைப் போல, அத்தனையையும் படித்துவிடுவார்.

எழுத்தர் (ஓர் அடி பின்வாங்கி): நான் செக்குபந்தியை மட்டுந்தான் பார்க்கிறேன், அம்மா. இப்படி மறைத்து வைத்து ஒட்டும் வித்தையை யார் கண்டுபிடித்தார்?

தட்டச்சர்: 1970-களின் நடுவில், அமெரிக்காவில் ஜெராக்ஸின் ஆய்வு மையத்தில் இருந்த லாரி டெஸ்லர், டிம் மாட் என்னும் இருவர் ஜிப்சி என்ற மென்பொருளை எழுதினார்கள், அதில்தான் இந்த முறை உருவானது.

எழுத்தர்: ஜெராக்ஸ் கடைக்காரர்களா? அப்படியானால் நகலெடுப்பதைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

தட்டச்சர்: கடை இல்லை, ஐயா, பெரிய நிறுவனம். அவர்களுக்குச் சொந்தமான பாஸ்டன் பதிப்பகம் ஒன்றில் இருந்தவர்கள் பாடப்புத்தகக் கையெழுத்துப் படியைக் கத்தரியால் வெட்டி, பசையால் வேறு பக்கத்தில் ஒட்டித்தான் வரிசையை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதையே திரையில் செய்ய வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

எழுத்தர்: வரைவுத் தாளில் நானும் அப்படி ஒட்டியிருக்கிறேன். முத்திரைத்தாளில் கத்தரி வைத்திருந்தால் சார்பதிவாளர் என்னையே இரண்டாக வெட்டியிருப்பார். நாங்கள் அடித்துவிட்டு, கோட்டுக்கு மேலே எழுதி, கடைசியில் "அடித்தல் இத்தனை, இடைவரி இத்தனை" என்று கணக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போடுவோம்.

தட்டச்சர்: இந்த விசைகளும் அந்த வழக்கத்திலிருந்து வந்தவைதாம். எக்ஸ் என்பது அடித்துவிட்ட குறி. வி என்பது, இங்கே செருகு என்று கூர்முனையால் காட்டுகிறீர்களே, அந்தக் குறியைத் தலைகீழாகப் போட்டது. சி மட்டும் காப்பி என்பதன் முதலெழுத்து. இசட்டையும் சேர்த்து நான்கும் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இடக்கை நகராமலே வேலை முடிந்துவிடும். இதற்கு முன் அதே ஆய்வு மையத்தில் பிராவோ என்று ஒரு மென்பொருள் இருந்தது. அதில் நீங்கள் கட்டளை நிலையில் இருக்கிறீர்களா, எழுதும் நிலையில் இருக்கிறீர்களா என்பதை நீங்களேதான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து "எடிட்" என்ற ஆங்கிலச் சொல்லை அடித்தால், முதலெழுத்து ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுக்கும், இரண்டாவது அதை அழிக்கும், மூன்றாவது எழுதத் தொடங்கும், நான்காவது எழுத்தான டி மட்டும் பத்திரமாக மிஞ்சும்.

எழுத்தர்: சந்திர சூரியர் உள்ளவரை அனுபவிக்க வேண்டிய சொத்துக்கு ஒற்றை டியா! அந்த மட்டும் நான் பிற்பாடு பிறந்தேன். அந்தச் சுட்டியை இப்படிக் கொடுங்கள். செக்குபந்தியை நானே கையால் பிடித்து இழுத்துக் கீழே வைத்துவிடுகிறேன், வழியில் எங்கும் மறையாமல் இருக்கும்.

தட்டச்சர்: இழுத்துப் போட்டாலும் இடம் மாறும், ஐயா, ஆனால் விரலைக் கொஞ்சம் தளர்த்தினாலும்... விட்டுவிட்டீர்களா? "வடக்கு" என்ற வரியை மட்டும் பிடித்திருக்கிறீர்கள்; அது போய்ப் பக்கத்து மனைக்காரரின் பெயருக்கு நடுவில் விழுந்துவிட்டது. இப்போது அவர் பெயரின் பாதி வாய்க்காலுக்கு இந்தக் கரையிலும் மீதி அந்தக் கரையிலும் இருக்கிறது.

எழுத்தர்: அவர் ஏற்கெனவே வரப்புத் தகராறில் இருப்பவர். உடனே இசட்டை அழுத்துங்கள்.

தட்டச்சர்: அழுத்திவிட்டேன். இனி ஆல்ட், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழம்பை அழுத்துகிறேன். வேர்டில் இப்படிச் செய்தால் எதையும் வெட்டாமலே முழுப் பத்தியும் ஒவ்வொரு படியாக இறங்கும்.

எழுத்தர்: ஆகா! பல்லக்கில் சுவாமி இறங்குவது போல் கண்ணெதிரிலேயே இறங்குகிறதே. இதை முதலிலேயே செய்திருந்தால் என் ரத்த அழுத்த மாத்திரை ஒன்று மிச்சமாகியிருக்கும்.

தட்டச்சர்: பல இடங்களில் இருப்பதைச் சேகரித்து ஓரிடத்தில் போடவும் வழி உண்டு. கண்ட்ரோலுடன் எப் மூன்றை அழுத்த அழுத்த, வெட்டியவை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். பிறகு ஷிப்டையும் சேர்த்து அழுத்தினால், வெட்டிய வரிசையிலேயே எல்லாம் மொத்தமாக வந்து விழும். என் மேசையில் ரசீது குத்தும் கம்பி இருக்கிறதே, அதன் பெயரைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்பைக்' என்று அதற்கு வைத்திருக்கிறார்கள்.

எழுத்தர்: கம்பி எனக்குப் புரியும், குத்தியது கண்ணுக்குத் தெரியும். சரி, விற்பவரின் மகன் மின்னஞ்சலில் அனுப்பிய தாய்ப்பத்திர விவரத்தை மூன்றாம் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

தட்டச்சர்: சேர்த்தாயிற்று. ஆனால் அவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார், நம்முடையது தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடு. பாமினியில் அகரத்தின் இடத்தில் ஆங்கில எம்தான் உள்ளே பதிவாகியிருக்கும். எழுத்துரு மாறியதும் வேடம் கலைந்து, அவருடைய "அம்மா" என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கிறது.

எழுத்தர்: பெற்ற தாய்க்கு நடுவில் அரைப்புள்ளியா! தாய்ப்பத்திரத்தில் தாயே இப்படி இருந்தால் பதிவு செய்தாற்போலத்தான்.

தட்டச்சர்: எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிட்டு மறுபடி ஒட்டுகிறேன். அதற்குள் பழைய பத்திரத்திலிருந்து வந்தவற்றை நீங்கள் ஒரு முறை வாசியுங்கள்.

எழுத்தர்: "மேற்படி காலி மனையும், அதிலுள்ள மின் இணைப்பும், கிணறும், காய்ப்பிலுள்ள தென்னை மரங்கள் இரண்டும் உட்பட." அம்மா, இந்த மனையில் எருக்கஞ்செடியைத் தவிர வேறொன்றும் முளைத்ததில்லை.

தட்டச்சர்: போன வாரத்துக் கட்சிக்காரரின் மரங்கள், ஐயா. நகலெடுக்கும்போது தென்னையென்றும் எருக்கென்றும் கணினி பிரித்துப் பார்க்காது. நீக்கிவிட்டேன். விற்பவரின் பெயர் மணியிலிருந்து குமாராக மாற வேண்டும் என்பதால் எல்லா இடத்திலும் ஒரே தட்டில் மாற்றியிருக்கிறேன்.

எழுத்தர்: "காலை 10 குமார்க்குப் பதிவு அலுவலகத்தில் ஆஜராகி" என்று வந்திருப்பது அதனால்தானா? எத்தனை குமாருக்குக் கடையை மூடுவீர்கள்?

தட்டச்சர் (சிரிப்பை அடக்கிக்கொண்டு): திருத்திவிட்டேன். அச்சும் வந்துவிட்டது. ஆறு பக்கம், பக்கத்துக்கு 40 ரூபாய், ஆக 240 ரூபாய்.

எழுத்தர்: நீங்கள் புதிதாக அடித்தது ஒரு பக்கங்கூடத் தேறாதே, மற்றதெல்லாம் பழையதை ஒட்டியதுதானே! ஒட்டியதற்கு என்ன கூலி?

தட்டச்சர்: "புத்திர பௌத்திர பாரம்பரியமாகச் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்னும் வாசகத்தை நீங்கள் இயற்றினீர்களா, ஐயா?

எழுத்தர்: எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் கொடுத்தது.

தட்டச்சர்: அவருக்கு?

எழுத்தர்: அவருடைய மாமனார் கொடுத்தது.

தட்டச்சர்: மூன்று தலைமுறையாகக் கணினியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு வருகிறீர்கள், கட்சிக்காரரிடம் அந்த வரிக்குத் தள்ளுபடி ஏதாவது கொடுத்ததுண்டா?

எழுத்தர் (பணப்பையைத் தடவிக்கொண்டே): தொழில் தர்மத்தை இழுக்காதீர்கள். கட்சிக்காரருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், ஒரு ரசீது மட்டும் போட்டுக்கொடுங்கள்.

தட்டச்சர்: முந்தைய வாடிக்கையாளரின் ரசீது திறந்தே இருக்கிறது, அதையே நகலெடுத்து உங்கள் பெயரைப் போட்டுவிட்டேன். இந்தாருங்கள், சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

எழுத்தர் (கண்ணாடியை ஏற்றிவிட்டு, நெடுநேரம் படித்து): பெயர் சரி, தேதி சரி. "ஒரு பக்க மனு, பெற்றுக்கொண்ட தொகை 40 ரூபாய்." இதில் ஓர் எழுத்தையும் மாற்றிவிடாதீர்கள், அம்மா, ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும்.