ரீமிக்ஸ் செய்யும் பெடியனுக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது

கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு சாமத்திய வீட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும் பெடியனிடம், "தம்பி என்ன வேலை செய்யிறீர்?" என்று பெரியவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். அவன் அந்த நேரம் வேலைதான் செய்துகொண்டிருக்கிறான். முதல்நாள் இரவு முழுக்க லேப்டொப்போடு இருந்து நாலைந்து பாட்டுகளை வெட்டி ஒட்டி, புது அடி சேர்த்து ரீமிக்ஸ் செய்துதான் அங்கே வந்து நிற்கிறான். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது.

பிராங்கி நக்கிள்ஸ் பற்றி நம் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். 1955 இல் நியூயோர்க்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர். 1977 இல் சிக்காகோவுக்குப் போய் வெயார்ஹவுஸ் என்ற நடனக் கூடத்தில் பாட்டுப் போடத் தொடங்கினார். அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் இன இளைஞர்கள். பலர் தன்பாலீர்ப்பாளர்கள், வேறு இடங்களில் பயமில்லாமல் ஆட முடியாதவர்கள். நக்கிள்ஸின் கையில் இருந்ததெல்லாம் கடையில் விற்கும் இசைத்தட்டுகள்தான். அவற்றை நாடாவில் பதிந்து, வெட்டி ஒட்டி, சனம் விரும்பி ஆடும் பகுதியை நீட்டினார். பிறகு டிரம் மெஷின் என்ற மின்னணுத் தாளக் கருவியை எடுத்துப் பாட்டுக்குக் கீழே புதுத் தாள அடி போட்டார். ஹவுஸ் என்ற நடன இசை வளர்ந்தது இப்படித்தான்.

1980களின் பிற்பகுதியில் அவர் நியூயோர்க்குக்குத் திரும்பி டேவிட் மொராலஸ் போன்ற ரீமிக்ஸ் கலைஞர்களோடு வேலை செய்தபோது, பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளே தேடி வந்தன. டயானா ரோஸ், மைக்கேல் ஜாக்சன் பாட்டுகளெல்லாம் அவர் கைக்கு வந்தன. பாடகரின் குரலை வைத்துக்கொண்டு மற்ற இசையைப் புதிதாகக் கட்டுகிற வேலை அது. 1998 இல் ரீமிக்ஸ் கலைஞருக்கென்று கிராமி விருது தொடங்கியபோது முதல் ஆளாக அதைப் பெற்றவரும் அவர்தான். சிக்காகோவில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. பிற்காலத்தில் நோயால் ஒரு பாதத்தை இழந்த பிறகும், 2014 இல் இறக்கும்வரை மேடையை விடவில்லை. கால் இழந்தவர்கள் இத்தனை பேர் வாழும் வன்னியில் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

சரி, நம் பெடியளுக்கு வருவோம். கரண்டே இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிப் பாட்டுக் கேட்ட ஊர் இது. இன்று லேப்டொப் இருக்கிறது, மென்பொருள் இருக்கிறது. தனித்தனித் தடங்கள்தான் இல்லை. குரல் தனி, தாளம் தனி, நரம்பு வாத்தியம் தனி என்று பிரித்துக் கொடுக்க இங்கே யாரும் இல்லை. முழுப் பாட்டிலிருந்து மென்பொருளால் குரலைப் பிரித்தெடுத்தால், சிலவேளை பாடுகிறவர் தண்ணீருக்குள் நின்று பாடுவதுபோல் கேட்கும்.

இன்னொன்று, அடி. ஹவுஸ் 4/4 நடை, நாலு நாலாக எண்ணுவது. நிமிடத்துக்கு 120 அடி அளவில் கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, ஒரே சீராக விழும். இலங்கையின் பைலா ஆட்டப் பாட்டும், நம் பறையடிகளில் பலவும் மும்மூன்றாக உருளும் 6/8 நடை. அதன் மேல் இணையத்தில் எடுத்த ஆயத்த 4/4 அடியை அப்படியே ஒட்டினால் பாட்டு நொண்டுகிறது, ஆடுகிறவர்களின் கால் குழம்புகிறது. நல்ல காது உள்ள பெடியன் கிக்கை இடம் மாற்றாமல் மேலே வரும் ஹைஹட் என்ற சிம்பல் ஒலியை மட்டும் மூன்றாகப் பிரிப்பான். விசுவமடுவில் ஒரு கலியாண வீட்டில் ஒருவன் அப்படிச் செய்ததைக் கேட்டேன். அம்மம்மாமார் கூட எழும்பிவிட்டார்கள். அந்தக் காதுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. பொக்ஸ் (ஸ்பீக்கர்) வாடகை மட்டும்தான் கொடுத்தார்கள்.

சினிமாப் பாட்டை ரீமிக்ஸ் செய்து யூடியூப்பில் போட்டாலும், உரிமை வைத்திருக்கும் கம்பனி உரிமை கோரினால் விளம்பரக் காசு அவர்களுக்குத்தான் போகும், சிலவேளை வீடியோவே முடங்கும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி இலங்கையிலும் அடுத்தவர் பாட்டை மாற்றி அமைக்க அனுமதி வேண்டும். அதில் தப்பில்லை, பாடினவருக்கும் இசையமைத்தவருக்கும் உழைப்பு இருக்கிறது.

ஆனால் நம்மிடம் சொந்தமாக எவ்வளவு இருக்கிறது! முல்லைத்தீவுப் பக்கம் கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து, வயல் பாட்டு. இவற்றைப் பதியும்போது ஒரே போனை நடுவில் வைக்காமல், கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் குரல், மத்தளம், உடுக்கு, சல்லாரி ஒவ்வொன்றையும் தனித்தனி மைக்கில் பதியலாமே. ரீமிக்ஸ் கூத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. கோயில் சடங்கோடு சேர்ந்த பாட்டுகளைத் தொட வேண்டாம். மற்றவற்றை அண்ணாவியாரிடம் கேட்டு, அவர் பெயரை முதலில் போட்டு, வருமானத்தில் அவருக்குப் பங்கு கொடுத்துச் செய்தால் என்ன குறை? மூலப் பதிவு அப்படியே பத்திரமாக இருக்கும். அது இல்லாமலேயே எத்தனை அண்ணாவிமார் போய்விட்டார்கள்.

விழா நடத்தும் கழகங்களிடம் ஒன்று கேட்கிறேன். செலவுக் கணக்கில் பந்தல், பொக்ஸ், ஜெனரேட்டர் என்று எழுதுகிறீர்கள். இசை அமைத்த பெடியனுக்கும் ஒரு வரி எழுதுங்கள், நோட்டீசில் அவன் பெயரையும் போடுங்கள்.

முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கம் பதிவுக்குச் சம்மதிக்கும் அண்ணாவியார் யாராவது இருந்தால் இன்பொக்ஸில் எழுதுங்கள். மைக் இருக்கிறது, பெடியளும் வரத் தயார்.