ஒயர் இல்லாத மவுஸ் வாங்கலாமா?

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு சித்தி பையன் போன் செய்தான். "அண்ணா, கேமிங்குக்கு வயர்லெஸ் வாங்கினா லேக் அடிக்கும்னு பசங்க சொல்றாங்க. வாங்கட்டுமா, வேணாமா?" வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறவன். டியூஷன் எடுத்துச் சேர்த்த 3000 ரூபாய் கையில் இருக்கிறது. அவனிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். இதே கேள்வி பலருக்கும் இருக்கிறது.

லேக், அதாவது கை அசைந்த பிறகு திரையில் தாமதமாக நகர்வது, பற்றிய பயம் ஒரு காலத்தில் நியாயமானதுதான். ஆபீஸ் வேலைக்கான சாதாரண வயர்லெஸ் மவுஸ் பெரும்பாலும் நொடிக்கு 125 முறைதான் தன் அசைவைக் கணினிக்குச் சொல்லும். அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. டாங்கிளோடு (யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்ன ரிசீவர்) வரும் நல்ல கேமிங் மவுஸ் நொடிக்கு 1000 முறை சொல்லிவிடுகிறது. அந்த ஒரு மில்லிசெகண்டை நம் கையால் உணரவே முடியாது. என் வீட்டிலிருந்து மும்பை கேம் சர்வருக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரமே (பிங்) 35 மில்லிசெகண்ட். 2018-இல் லாஜிடெக் ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம் எடையில் வந்தது. 2020-இல் வந்த சூப்பர்லைட் 63 கிராமுக்கும் கீழே. இன்று பெரிய போட்டிகளில் ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் கையில் வயர்லெஸ்தான். ஒன்று மட்டும் கவனம்: புளூடூத்தில் இணைத்து ஆடாதீர்கள், டாங்கிளைப் போடுங்கள்.

ஒயர் இல்லாததன் சுகம் ஆடிப் பார்த்தால்தான் தெரியும். நான் குறைந்த சென்சிட்டிவிட்டியில் ஆடுகிறவன், அதாவது மவுஸை நிறைய நகர்த்தினால்தான் திரையில் கொஞ்சம் திரும்பும். சட்டென்று பின்னால் திரும்ப வேண்டுமென்றால் முழங்கையோடு சேர்த்து மவுஸை மேசையின் குறுக்கே இழுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒயர் மானிட்டர் ஸ்டாண்டின் காலில் உரசும், அல்லது மேசை விளிம்பில் மடங்கி லேசாகப் பின்னால் இழுக்கும். எதிரியின் தலைக்கு ஒரு விரல் தள்ளி கிராஸ்ஹேர் (குறிவைக்கும் அடையாளம்) நிற்கும். ஒயரைத் தூக்கிப் பிடிக்கும் மவுஸ் பங்கி என்ற ஸ்டாண்டு வாங்கி ஒயரைத் தூக்கிக் கட்டியும் பார்த்தேன். இழுப்பு குறைந்தது, போகவில்லை. வயர்லெஸுக்கு மாறிய முதல் நாளே தோள்பட்டை இறுக்கம் தளர்ந்ததை உணர்ந்தேன்.

அப்புறம் டாங்கிள். தெரியாமல் பல பேர் மவுஸைத் திட்டுவது இதனால்தான். என் மவுஸ் கர்சரும் முதலில் விட்டு விட்டுத் தாவியது. டாங்கிளை சிபியு பின்பக்கம் நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகியிருந்தேன், பக்கத்துப் போர்ட்டிலேயே வெளி ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். பெட்டியில் கூடவே வந்த எக்ஸ்டென்ஷன் கேபிளை எடுத்து, டாங்கிளை மவுஸ்பேடுக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தேன். அன்றோடு தாவல் நின்றது.

என் உண்மையான கவலை பேட்டரி. முதலில் வாங்கிய வயர்லெஸ் மவுஸில் பேட்டரி உள்ளேயே வைத்து மூடப்பட்டிருந்தது. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் வலுவிழப்பது இயல்பு. ஒரு வாரம் நின்ற சார்ஜ் மூன்றாவது வருடம் ஒரு நாளைக்குக்கூட வரவில்லை. சென்சார் நன்றாக இருந்தது, கிளிக் நன்றாக இருந்தது. மாற்று பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. நானே திறக்கலாம் என்று பார்த்தால் ஸ்குரூ எல்லாம் மவுஸ் வழுக்கிப் போக அடியில் ஒட்டியிருக்கும் ஸ்கேட் என்ற பட்டைக்குக் கீழே. நகத்தால் உரித்து எடுத்த ஸ்கேட் மறுபடி சரியாக ஒட்டவில்லை, ஓரம் தூக்கிக்கொண்டு பேடில் கரகரவென்று தேய்ந்தது. நல்ல நிலையில் இருந்த மவுஸைக் குப்பைக்கு அனுப்பியதில் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. ஒயர் மவுஸுக்கு இந்தக் கதி வராது.

இப்போது 8000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 8000 முறை அசைவைச் சொல்லும் மவுஸ் என்று புதிய மோகம் வேறு. சார்ஜை அது உறிஞ்சும் வேகத்துக்கு நமக்குக் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம். நொடிக்கு 144 முறை படம் மாறும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு ஃபிரேமே (ஒரு படம்) ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட். நம்மைப் போன்றவர்களுக்கு அது தேவையே இல்லை.

அந்தப் பேட்டரி கவலையால்தான் தம்பிக்கு நான் சொன்னது ஏஏ செல் போடும் மவுஸ். லாஜிடெக் ஜி304 மாதிரி. ஒரே ஒரு செல், 250 மணி நேரம் வரை என்கிறது நிறுவனம். செல்லோடு சேர்த்து 99 கிராம், கொஞ்சம் கனம்தான். பின்பாரமாகவும் தோன்றும். சாதாரண ஆல்கலைன் செல்லே 23 கிராம்; லித்தியம் ஏஏ போட்டால் 15 கிராம், வித்தியாசம் கையில் தெரியும். ஆட்டத்தின் நடுவே தீர்ந்தால் மூடியைத் திறந்து வேறு செல் போட பத்து நொடி போதும். பட்ஜெட் இன்னும் குறைவு என்றால், பெயர் தெரியாத மலிவு வயர்லெஸைவிட நல்ல ஒயர் மவுஸே மேல்.

நேற்று வாங்கிவிட்டான். இரவே வீடியோ கால் போட்டு மேசையைக் காட்டினான். பழைய ஒயர் மவுஸ் டிராயரில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது, எக்ஸ்டென்ஷன் கேபிள் மவுஸ்பேடு ஓரம் வரை வந்திருந்தது. இரண்டு ரீசார்ஜ் செல் வாங்கி, ஒன்றை மவுஸில் போட்டுவிட்டு இன்னொன்றைக் கீபோர்டு பக்கத்தில் தயாராக வைத்திருந்தான்.